அம்பாசிடரின் விக்கல்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன், அப்படி ஒரு சந்தோஷம். இங்கே மேட்டூர் ஜூன் 12-ஆம் தேதியே திறந்ததால் அரசலாற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது. குறுவை நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்துவிட்டது. கடைமடைக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். உன் பக்கம் எப்படி?

சரி, உன் வண்டிக்கு வருகிறேன். "ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு விநாடி செத்து, அப்புறம் உயிர் வருகிறது" என்று எழுதியிருந்தாய். படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். போன மாதம் முழுக்க என் அம்பாசிடருக்கும் இதே வியாதி. மன்னார்குடி கல்யாணத்துக்குப் போகும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றோம். கேட் திறந்தது, முதல் கியர் போட்டு மிதித்தேன். வண்டி விக்கியது, தண்டவாளத்தின் மேலேயே அணைந்தது. பின்னால் பஸ், லாரி எல்லாம் ஹாரன். இறங்கித் தள்ளிய இரண்டு பையன்களுக்கு இன்றைக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் தங்கை அன்றோடு "இனி இந்த வண்டியில் ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

வெயிலில் நின்ற சூட்டில் பெட்ரோல் கொதித்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மறுநாள் விடியற்காலை, இன்ஜின் லேசாகச் சூடேறி, குளிரில் கிளப்ப இழுக்கும் சோக்கை எடுத்த பிறகும் அதே விக்கல். அப்போது சூட்டின் மேல் பழி போட முடியாது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரையே தூக்கிப் போட்டுவிட்டு வேறு வண்டியுடையதை மாட்டலாம் என்றார்கள். அப்பா 1983-இல் வாங்கிய மார்க் 4, அதன் சோலெக்ஸ் கார்புரேட்டரைக் கழற்றி எறிய மனசு வரவில்லை.

கும்பகோணத்தில் நம் பழைய மெக்கானிக் பாய் இப்போது இல்லை, அவர் மகன் இருக்கிறார். அவர் கேட்ட முதல் கேள்வி: "மெதுவா அழுத்தினா என்ன செய்யுது, சட்டுனு அழுத்தினா என்ன செய்யுது?" மெதுவாக அழுத்தினால் வெண்ணெய் மாதிரி ஏறியது. சட்டென்று அழுத்தினால்தான் மூச்சு முட்டியது. இந்த ஒரு வித்தியாசத்திலேயே பாதி வியாதி பிடிபட்டுவிடுகிறது, மாப்ளே. காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டில் திடீரென்று திறந்தால் காற்று உடனே பாய்ந்துவிடும், பெட்ரோல் கனமானது, பின்தங்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் கார்புரேட்டர் பக்கவாட்டில் ஆக்ஸிலேட்டர் பம்ப் என்று ஒன்று இருக்கிறது. மிதித்த நொடியில் ஒரு பீய்ச்சு பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுப்பது அதன் வேலை.

ஆனாலும் அவர் நேரே அதில் கை வைக்கவில்லை. ஸ்பார்க்குக்காக மின்சாரத்தை வெட்டி விடும் பிளாட்டினம் பாயிண்ட்டைக் கழற்றிப் பார்த்தார், ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் குழி. புதிது போட்டு 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி வைத்தார். ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் டியூபை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பார்த்தார். பிடித்து நின்றது, அப்படியென்றால் அங்கே கிழிசல் இல்லை. கார்புரேட்டர் அடி பேக்கிங் வழியே காற்று இழுக்கிறதா என்றும் பார்த்தார், இல்லை. (உன் வண்டியில் கார்புரேட்டர் அடிப் பட்டையின் நட்டை ரொம்ப முறுக்கி வைத்திருந்தால் பட்டை வளைந்திருக்கும். ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடு.) இவ்வளவும் செய்து விக்கல் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

அப்புறம் இன்ஜினை அணைத்துவிட்டு ஏர் கிளீனரைக் கழற்றினார். டார்ச்சை என் கையில் கொடுத்து, "உள்ளே பாருங்க" என்று சொல்லி, திராட்டில் நெம்புகோலைக் கையால் இழுத்தார். ஊசி மாதிரி மெல்லிய தாரை அந்த நொடியே பாய வேண்டும். எனக்குத் தெரிந்தது என்ன தெரியுமா? இழுத்து அரை விநாடி கழித்து ஒரு சொட்டு, குழாய் நுனியில் தயங்கி நின்று விழுந்தது. நாற்பது வருஷமாக ஓட்டுகிறேன், அந்தத் தொண்டைக்குள் ஒரு முறைகூட எட்டிப் பார்த்ததில்லை.

பம்ப் மூடியின் நான்கு திருகையும் எடுத்ததும் டயாபிராம் என்கிற ரப்பர் சவ்வு கையோடு வந்தது. அப்பளம் போல விறைத்திருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தலைமுடி கனத்தில் ஒரு கீறல். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பருக்கு அது ஆகாது என்றார் அவர். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஐப்பசி கார்த்திகை மழை முழுக்க வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி வைத்தது என் தப்பு. பம்புக்கு அடியில் ஒரு சின்ன குண்டு வால்வு உண்டு, அதைச் சுற்றி பச்சைப் பாசி மாதிரி அழுக்கு. கழுவி ஊதிப் போட்டார். புது டயாபிராம் மாட்டி, பம்ப் கம்பியின் நட்டை இரண்டு சுற்று இறுக்கினார். மறுபடி இழுத்தபோது தாரை பளிச்சென்று பாய்ந்தது. இந்த வயதில் கைதட்டினேன், மாப்ளே.

நேற்று உன் தங்கையை சம்மதிக்க வைத்து நீடாமங்கலம் வரை போய் வந்தேன். கேட் மூடித்தான் இருந்தது. திறந்ததும் ஒரே மூச்சில் கடந்தோம்.

நீயும் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டுகளைத் தொடுவதற்கு முன்னால் அந்தத் தாரையைப் பார்த்துவிடு. இன்ஜின் அணைந்திருக்கட்டும், பக்கத்தில் யாரும் பீடி பற்ற வைக்கக் கூடாது. டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் ஏ.சி. பம்ப்பின் டயாபிராமும் அதே வயசுதான், அதையும் சேர்த்து மாற்றிவிடு. இரண்டுக்கும் ஒரு செட் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன். ஆடிப்பெருக்குக்கு வருவேன் என்று எழுதியிருந்தாயே, அன்றைக்கு வந்து வாங்கிக்கொள். அதுவரை சீர்காழி கடைத்தெருவில் மெதுவாகவே மிதி.

அன்புடன்,
உன் பழைய கும்பகோணத்துத் தோழன்