கடல் காயத்தோடு வருகிறவர்களிடம் ஈரலைப் பற்றியும் கேளுங்கள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை, கடலோர ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்க்கும் டாக்டர்களுக்கும் நர்சம்மாக்களுக்கும் வணக்கம்.

நான் பாம்பனில் பிறந்தவள். கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் காலை, வலையிலிருந்து மீன் கழிக்கும்போது என் சித்தப்பாவுக்கு வலது கையில் கெளுத்தி முள் ஏறிவிட்டது. மத்தியானத்துக்குள் மணிக்கட்டு வரை வீக்கம். பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் கட்டுப் போட்டார்கள், டி.டி. ஊசி போட்டார்கள், ஆள் வெளுத்திருக்கிறார் என்று சொல்லி இரும்பு ஊசியும் ஏற்றி அனுப்பினார்கள். குடியால் அவர் ஈரல் ஏற்கனவே கெட்டிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மறுநாள் விடியும்போது கை முழுக்கக் கருநீலக் கொப்புளங்கள். மதுரைக்குக் கொண்டுபோய் உயிரை மீட்டோம். மூன்று விரல் போய்விட்டது.

புண்ணிலிருந்து எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கவில்லை. அதனால் அந்த ஊசிதான் காரணம் என்று நான் பழி போடவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த ஊசி போட்டிருக்கக் கூடாது. ஏன் என்பதற்காகத்தான் இந்த மடல்.

நீங்கள் படித்த விஷயம்தான், ஆனாலும் சொல்கிறேன். நம் உடம்பில் இரும்பு மொத்தமே 3 முதல் 4 கிராம். அதிலும் கிருமி எடுத்துக்கொள்கிற மாதிரி சும்மா கிடப்பது அநேகமாக ஒன்றுமில்லை. பெரும்பகுதி ஹீமோகுளோபினுக்குள் இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவதை டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் பிடித்துவைத்திருக்கிறது. கண்ணீரிலும் தாய்ப்பாலிலும் அதே மாதிரி லாக்டோஃபெரின் என்ற புரதம் காவல் இருக்கிறது. தொற்று வந்ததும் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. உடனே குடல் வழியாக இரும்பு ஏறுவது குறைகிறது, கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களான விழுங்கணுக்களும் தம்மிடம் உள்ளதை வெளியே விடுவதில்லை. காய்ச்சல்காரரின் ரத்தத்தில் இரும்பு இறங்கியிருந்தால், பல சமயம் அது குறைபாடே இல்லை. உடம்பு வேண்டுமென்றே ஒளித்துவைத்திருக்கிறது.

கிருமியும் சும்மா இருப்பதில்லை. சிடரோஃபோர் என்ற பொருளை வெளியே அனுப்பி, டிரான்ஸ்ஃபெரின் பிடியிலிருந்தே இரும்பைப் பறித்து வரச் செய்கிறது. காசநோய்க் கிருமி விழுங்கணுவுக்குள் உட்கார்ந்துகொண்டே இதைச் செய்கிறது. அந்த அணுவுக்குள் நடப்பதை ஒவ்வொரு வருடமும் பாடமாக நடத்துகிறேன், இன்னும் எனக்குச் சலிக்கவில்லை. விழுங்கிய கிருமி இருக்கும் சின்னப் பையிலிருந்து இரும்பையும் மாங்கனீசையும் வெளியே இறைத்துவிட்டு, தாமிரத்தையும் துத்தநாகத்தையும் அளவுக்கு மீறி உள்ளே கொட்டுகிறது நம் அணு. இல்லாமலும் சாகடிக்கிறது, அதிகமாகக் கொடுத்தும் சாகடிக்கிறது. சீழில் செத்துக் கிடக்கும் வெள்ளணுக்களோ கால்புரோடெக்டின் என்ற புரதத்தைக் கொட்டி, அக்கம்பக்கத்துத் துத்தநாகத்தையும் மாங்கனீசையும் கட்டிப்போடுகின்றன.

இதில் நம் கரைக்கு முக்கியமானது, கடல் தண்ணீர் பட்ட காயம் வழியாக உடம்பில் ஏறும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி. காலராக் கிருமியின் சொந்தக்காரன். உப்புக் கொஞ்சம் குறைந்த, 20 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பான கடலோரத் தண்ணீர் அதற்குப் பிடிக்கும். நம் கடல் வருடம் முழுக்கவே அதைவிடச் சூடு. 1981-இல் வெளியான ஓர் ஆய்வில், சாதாரண எலியைக் கொல்ல இந்தக் கிருமி லட்சக்கணக்கில் தேவைப்பட்டது. முன்கூட்டியே இரும்பு ஏற்றிய எலிக்கு ஒன்றிரண்டு கிருமியே போதுமாக இருந்தது. ஈரல் கெட்டவர்களுக்கு ஹெப்சிடினும் குறைவு, டிரான்ஸ்ஃபெரினும் குறைவு. அவர்கள் ரத்தம் கிட்டத்தட்ட அந்த எலியின் ரத்தம் மாதிரிதான். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால் பாதிப் பேருக்கு மேல் பிழைப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2009-இல் சிகாகோவில் பிளேக் கிருமியை ஆராய்ந்த ஒரு விஞ்ஞானி, அந்தக் கிருமியாலேயே இறந்தார். அவர் கையாண்டது இரும்பைப் பறிக்கும் திறன் இழந்த, வலுவிழந்த ரகம். ஆனால் அவர் உடம்பில் பிறவியிலேயே இரும்பு அதிகமாகச் சேரும் கோளாறு இருந்தது, அவர் இறந்த பிறகுதான் அது தெரியவந்தது.

சரி, உங்களிடம் நான் கேட்பது இதுதான். முள் குத்தியோ, நண்டு கடித்தோ, பாறை கிழித்தோ ஒருவர் வந்தால், ஓ.பி. சீட்டிலேயே "கடல் தண்ணீர் பட்டதா" என்று எழுதுங்கள். குடி, மஞ்சள் காமாலை, சுகர் மூன்றையும் கேளுங்கள். குடியைப் பற்றி மனைவி எதிரில் கேட்டால் பதில் வராது. தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். வீக்கம் மணிக்கணக்கில் ஏறினாலோ, காயத்துக்குப் பொருந்தாத வலி இருந்தாலோ, சோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். கிருமிக்கொல்லி மருந்துகளான டாக்சிசைக்ளினும் செஃப்டாசிடிம் அல்லது செஃப்ட்ரியாக்சோனும் தொடங்கிவிட்டு, அறுவை வசதியுள்ள இடத்துக்கு உடனே அனுப்புங்கள். தொற்று அடங்கும் வரை இரும்பு ஊசி வேண்டாம்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் இரத்தசோகை மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்ற பயமும் எனக்கு இருக்கிறது. கர்ப்பிணிகளின் சிவப்பு மாத்திரையும் பள்ளிப் பிள்ளைகளின் நீல மாத்திரையும் அவசியம். காய்ச்சல் நாட்களில் தள்ளிவைத்து, குணமானதும் தொடரச் சொன்னால் போதும். வயிற்றுப்போக்குக் குழந்தைகளுக்கு 14 நாள் துத்தநாக மாத்திரையும் அவசியம், அதை நடுவில் விடக்கூடாது.

அப்புறம், பாசி எடுக்கப் போகும் பெண்களை மறந்துவிடாதீர்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் கை வைக்கிறவர்கள் அவர்கள். உப்புத் தண்ணீர் பட்டால் புண் ஆறிவிடும் என்று நம்பி, கிழிந்த கையோடு மறுநாளும் இறங்குகிறார்கள். உங்களிடம் அவர்கள் வருவது மூன்றாம் நாள்தான். ஊருக்குள் போகும் நர்சம்மாக்கள் சின்னப்பாலம் மாதிரியான கரைகளில் பாசி உலர்த்தும் நேரத்தில் ஒரு நடை போய், அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு வந்தால் பெரிய உதவி. நான் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் உங்களோடு நடக்கத் தயாராக இருக்கிறேன். சித்தப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், கையைக் காட்டிப் பேச.