பஜ்ஜிக்கு அடியில் நாளிதழ் வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பழைய நாளிதழை வைத்து வீட்டில் என்னென்ன செய்யலாம் என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். கண்ணாடி துடைப்பது, அலமாரியில் விரிப்பது எல்லாம் சரி. ஆனால் நடுவில், வடை பஜ்ஜி சுட்டால் எண்ணெய் வடிய நாளிதழ் மேல் போட்டு எடுங்கள் என்று ஒரு வரி வந்திருக்கிறது. படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. நீங்களே இப்படி எழுதினால் அப்புறம் டீக்கடைக்காரரை யார் கேட்பது?

நாங்கள் பாலக்கோடு பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள். எங்கள் வீட்டில் ஒரு நாளிதழும் எடைக்குப் போகாது, எல்லாம் புழு வளர்ப்பு மனைக்குத்தான். புழு பழுத்துக் கூடு கட்டத் தயாரானதும், கூடு கட்டுவதற்கென்றே இருக்கிற சந்திரிகை என்ற தட்டியில் விடுவோம், கூடு கட்டத் தொடங்கும் முன் அது வயிற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் கழித்துவிடும், அந்த ஈரம் கீழே தேங்கினால் மனை முழுக்கப் புழுங்கும், கூட்டில் கறை விழும், நூல் சரியாக இழுபடாது, தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் கொண்டுபோய்க் கொட்டினால் விலையிலேயே தெரிந்துவிடும். அதனால் சந்திரிகைக்கு அடியில் நாளிதழை விரித்து, ஊறினதும் உருவிவிட்டு வேறு விரிப்போம். ஒருமுறை வழவழப்பான வாரப் பத்திரிகைத் தாளைப் போட்டுப் பார்த்தோம், ஈரம் மேலேயே நின்றது.

காரணம் இருக்கிறது. நோட்டுத் தாளில் பேனா மை பரவாமல் நிற்பதற்காக, காகிதம் செய்யும்போதே பசை போல ஒன்று சேர்ப்பார்கள். செய்தித்தாள் காகிதத்தில் அது அநேகமாகக் கிடையாது. எடையும் குறைவு, சதுர மீட்டருக்கு 45 கிராம் அளவில்தான் இருக்கும், ஜெராக்ஸ் தாள் 70, 75 கிராம் வரும். மரத்தை அரைத்த கூழிலும் பழைய காகிதக் கூழிலும் செய்வார்கள், நம் மாநிலத்தில் கரூர் புகளூரில் 1984-ல் ஓடத் தொடங்கிய ஆலை கரும்புச் சக்கையிலிருந்தே செய்து காட்டியது. மரத்தில் இருக்கிற லிக்னின் என்ற பொருளைப் பெரும்பாலும் நீக்காமல் விடுவதால்தான் இரண்டு நாள் வெயிலில் கிடந்த நாளிதழ் மஞ்சளாகிவிடுகிறது.

அச்சு எந்திரத்தில் தாள் ஓடுகிற வேகத்தில் மை காய நேரம் ஏது? பெரும்பாலான நாளிதழ்களில் சூடு காட்டிக் காய வைப்பதும் இல்லை. மையில் கலந்திருக்கும் கனிம எண்ணெயைத் தாள் உள்ளே இழுத்துக்கொள்ள, கரி மேலே தங்கிவிடுகிறது. காலையில் பேப்பர் படித்த விரலில் கறுப்பு ஒட்டுவது அதுதான்.

இப்போது அதன்மேல் கொதிக்கிற எண்ணெயிலிருந்து எடுத்த பஜ்ஜியை வையுங்கள். தாள் எண்ணெயைக் குடிக்கிறது என்று நாம் நினைக்கிறோம், அந்தச் சூட்டில் எண்ணெய் மையைக் கரைத்து மேலே கொண்டுவருவதை நினைப்பதில்லை. போன மாசம் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் பேத்திக்கு வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். "தாத்தா, இதுல என்னமோ எழுதியிருக்கு" என்று திருப்பிக் காட்டினாள். ஏதோ ஒரு செய்தியின் தலைப்பு, எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி, மாவின் மேல் அப்படியே பதிந்திருந்தது. பிடுங்கி எறிந்தேன், பிள்ளை அழுதுவிட்டாள். கடைக்காரரிடம் சொன்னால், "இத்தனை வருஷமா யாருக்குங்க என்ன ஆச்சு" என்கிறார்.

ஒரு நாளில் எதுவும் ஆகாது, தெரியும். ஆனால் இளம்புழு தட்டில் நாங்கள் அச்சடித்த தாளை விரிப்பதில்லை, மெழுகுத் தாள்தான் போடுகிறோம். மனைக்குப் பக்கத்தில் கொசுவத்தி கொளுத்த மாட்டோம். புகையிலைக் கொல்லையை ஒட்டி இருக்கிற மல்பெரி இலையைப் பறிக்க மாட்டோம். ஒரு மாசம்கூட வளராத புழுவுக்கு இவ்வளவு பார்க்கிறோம், பிள்ளை சாப்பிடுகிறதற்குப் பார்க்க வேண்டாமா?

சட்டமும் இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் கொண்டுவந்த பேக்கேஜிங் விதிகளில் செய்தித்தாளில் உணவை மடிக்கக் கூடாது என்று இருக்கிறது. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது நல்லதுதான், ஆனால் எங்கள் பக்கத்துக் கடைகள் சிலவற்றில் அந்த இடத்துக்கு நாளிதழ் வந்து உட்கார்ந்துகொண்டது. அச்சடிக்காத வெறும் தாளில் மடித்தால் பரவாயில்லையா என்று ஒருவர் கேட்டார். அதுவும் வேண்டாம், பழைய காகிதத்தை அரைத்துச் செய்த தாளென்றால் பழைய மையின் மிச்சம் கூழிலேயே இருக்கும். வாழை இலைத் துண்டு, மந்தாரை இலை, பாக்குமட்டை எல்லாம் இருக்கிறதே. வீட்டில் என்றால் எண்ணெய் வடிய ஒரு ஓட்டைத் தட்டு போதும்.

நாளிதழுக்கு வேறு வேலையா இல்லை? கிருஷ்ணகிரி பக்கம் மாங்காய் பழுக்க வைக்கோலோடு பெட்டியில் விரிக்கிறார்கள். ஓசூர் ரோஜாப் பூங்கட்டுகளை மொட்டு கசங்காமல் சுற்றலாம். தையல்காரர் ஜாக்கெட் அளவு வெட்டி வைப்பது இதில்தான்.

நான் கேட்பது இரண்டுதான். அந்த வடை, பஜ்ஜி வரி தவறு என்று அதே ஞாயிறு இணைப்பில், அதே இடத்தில் போடுங்கள். அப்புறம், "இந்தத் தாளில் உணவுப் பொருள் மடிக்க வேண்டாம்" என்று உங்கள் நாளிதழின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தடித்த எழுத்தில் ஒரு வரி அச்சடியுங்கள். முதல் பக்கத்தில் மட்டும் போட்டால் பயனில்லை, கடைக்காரர் கிழிக்கிற துண்டில் எந்தப் பக்கம் வரும் என்று யாருக்குத் தெரியும்? அந்த வரி வந்த அன்றைக்கு பேருந்து நிலையத்துக் கடைக்கு நானே பேப்பரை எடுத்துக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பட்டு விவசாயி,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.