ஒரு மூட்டை மக்காச்சோளம்

அயோவா,
தை 8

அன்புள்ள அம்மாவுக்கு,

பார்சல் நல்லபடியாக வந்து சேர்ந்தது. பருப்புப் பொடி, மோர்மிளகாய், நெத்திலிக் கருவாடு எதுவும் சிந்தவில்லை. உள்ளே பாப்பா கையால் எழுதிய உன் கடிதமும் இருந்தது. நீ சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிகிறது. ‘அவன் என்ன கல்லுளிமங்கனா’ என்ற வரியில் மட்டும் பேனாவை நன்றாக அழுத்தியிருக்கிறாள். போனில்தான் பேசுகிறோமே என்று சொல்லலாம். ஆனால் போன் எடுத்தால் ஒரு நிமிஷம் நீ, அப்புறம் அக்கா, அப்புறம் எதிர்வீட்டு அக்கா, ‘சாப்பிட்டியா, இளைச்சிட்டியா’ என்பதிலேயே முடிந்துவிடுகிறது. அதனால் சாப்பாட்டைப் பற்றியே விவரமாக எழுதுகிறேன். பாப்பா சத்தமாகப் படிக்கட்டும், எல்லோரும் கேளுங்கள்.

இந்த மாதம் முழுக்க நான் சாப்பிடுவது மக்காச்சோளம். பதறாதே, ஆசைப்பட்டுத்தான். பக்கத்து வீட்டுக் கிழவி ஒரு மூட்டை கொடுத்தாள். மூட்டை என்றால் கல்மண்டபம் மார்க்கெட்டில் ஆள் முதுகில் ஏற்றுவார்களே, அந்த அளவு.

நான் இருக்கும் இடமே சோளக்காடுதான். ஜூலை, ஆகஸ்டில் வந்து பார்த்தால் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். இப்போது அறுத்துவிட்ட அடிக்கட்டை மேல் பனி கிடக்கிறது. அமெரிக்காவிலேயே இந்த அயோவாவில்தான் மக்காச்சோளம் அதிகம். ஆனால் மனுஷன் வாய்க்கு நேரே போவது சொற்பம். ஒரு பங்கைச் சாராயமாக வடித்துப் பெட்ரோலில் கலக்கிறார்கள். இங்கே பங்க்கில் போடும் சாதா பெட்ரோலிலேயே 10 சதவீதம் வரை அது உண்டு. இன்னொரு பங்கு பன்றிக்குப் போகிறது. இந்த மாநிலத்தில் ஜனங்கள் 32 லட்சம், பன்றிகள் 2 கோடிக்கு மேல் என்றால் பார்த்துக்கொள். நம் பக்கமும் அதே கதைதானே, பெரம்பலூரில் விளைவது நாமக்கல் கோழிக்குப் போகிறது.

கிழவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, தனியாக இருக்கிறாள். புருஷன் விவசாயி, இறந்துவிட்டார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறாள். குளிர் காய அவள் எரிப்பதே மக்காச்சோளத்தைத்தான். அதற்கென்று ஓர் அடுப்பு, மேலே தொட்டி, அதில் உதிர்த்த சோளத்தைக் கொட்டினால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி எரிகிறது. தின்கிற பொருளை எரிக்கிறாளே என்று உனக்குக் கோபம் வரும், எனக்கும் வந்தது. விலை விழுந்த வருஷத்தில் கேஸைவிட இதுதான் கட்டுப்படியாகும் என்கிறாள். நீ அனுப்பிய நெத்திலியை நான் வறுத்த அன்று கதவைத் தட்டி, ‘சுவருக்குள் எலி செத்திருக்கிறதா’ என்று கேட்டாள். ஒரு கிண்ணத்தில் கொடுத்தேன். மறுநாள் கழுவின கிண்ணத்தை நீட்டி, எலி இன்னும் இருக்கிறதா என்றாள்!

ராயபுரம் மாமாவிடம் இதைச் சொல். 1959-ல் அப்போதைய சோவியத் ரஷ்யாவின் தலைவர் குருஷேவ் இந்த அயோவாவுக்கு வந்து, கூன் ராபிட்ஸ் என்ற ஊரில் கார்ஸ்ட் என்பவரின் பண்ணையில் மக்காச்சோளம் பார்த்தாராம். கார்ஸ்ட் விதை வியாபாரி. கூட்டம் கூடிய பத்திரிகைக்காரர்களை விரட்ட மாட்டுத் தீவனச் சோளத்தை அள்ளி அவர்கள் மேல் வீசினாராம். கிழவி அப்போது சின்னப் பெண். அவள் அப்பா வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்க்க மறுத்ததை இன்னும் மன்னிக்கவில்லை. மாமா கேட்டால் பின்னி மில் சங்கக் கதையோடு இதையும் சேர்த்து ஒரு வாரம் ஓட்டுவார்.

சரி, மூட்டைக்கு வருகிறேன். இது நாம் சுட்டுத் தின்கிற இளங்கதிர் இல்லை. முற்றிக் காய்ந்த தீவனச் சோளம், முத்தின் தலையில் ஒரு குழி இருக்கும். குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் தோல் தோலாகவே நிற்கிறது. ஆபீசில் கூட வேலை செய்யும் மெக்சிகோக்காரர்தான் வழி சொன்னார். என்ன போடச் சொன்னார் தெரியுமா? சுண்ணாம்பு! நம் ஆயா வெற்றிலைக்குத் தடவுமே, அதே சுண்ணாம்பு. அவர்கள் கடையில் பொடியாகப் பாக்கெட்டில் விற்கிறார்கள். ஒரு கிலோ சோளத்துக்கு ஒரு மேசைக்கரண்டி. தண்ணீரில் கரைத்து, சோளத்தைப் போட்டுக் கொதிக்கவிட்டு, மூடி ராத்திரி முழுக்க வைத்துவிட வேண்டும். காலையில் மஞ்சள் இன்னும் அடர்த்தியாகி இருக்கும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் தோல் கொழகொழவென்று வழுக்கிக்கொண்டு வருகிறது. நாலைந்து தண்ணீர் மாற்றிக் கழுவி மிக்சியில் அரைத்தால் ஒட்டும் மாவு. சுண்ணாம்பு போடாத சோள மாவைப் பிசைந்தால் உதிர்ந்துதான் போகும், ரொட்டிக்கு வராது.

இன்னொன்றும் சொன்னார். சோளத்திலுள்ள நியாசின் என்ற சத்து சுண்ணாம்பு பட்டால்தான் உடம்பில் சேருமாம். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே தென் மாநில ஏழைகள் சுண்ணாம்பு தெரியாமல் மூன்று வேளையும் சோள மாவையே தின்று, தோல் வெடித்து, புத்தி கலங்கி ஆயிரக்கணக்கில் செத்திருக்கிறார்கள். பெல்லாக்ரா என்று பேர். தலைமுறை தலைமுறையாகச் சோளமே தின்கிற மெக்சிகோவில் அந்த நோய் அப்படிப் பரவவில்லை. என்னைப் பற்றிக் கவலைப்படாதே, நான் சுண்ணாம்பும் போடுகிறேன், பருப்பும் சேர்க்கிறேன்.

அந்த மாவில்தான் அடை. துவரம்பருப்பை ஊறவைத்து, காய்ந்த மிளகாய், சோம்பு, பூண்டு போட்டுக் கொரகொரவென்று அரைத்துக் கலந்து, வெங்காயம் நறுக்கிப் போட்டுத் தடிமனாகத் தட்டினால் ஓரம் மொறுமொறுவென்று வருகிறது. முருங்கைக்கீரை இருந்தால் இன்னும் நன்றாயிருக்கும், இங்கே அதற்கு எங்கே போவது. கூழும் செய்தேன். கேழ்வரகுக்குப் பதில் சோள மாவைக் கரைத்து வைத்தேன். இந்தக் குளிரில் புளிக்கவே மாட்டேன் என்றது. கடைசியில் பாத்திரத்தைக் கிழவியின் சோள அடுப்புப் பக்கத்தில் வைத்து ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் புளித்த வாசனை வந்தது. நொய்யைக் குழைய வேகவைத்துக் கலந்து, மோர் ஊற்றி, சின்ன வெங்காயம், உன் மோர்மிளகாய். ஆடி மாதத்துக் கூழ் என்று சொல்ல முடியாது, ஆனால் வெளியே மைனஸ் 20-ல் கூழ் குடித்தவன் தண்டையார்பேட்டையிலேயே நான் ஒருவன்தான்.

பொங்கலும் அதில்தான். சோளத்தை ரவையாக உடைத்துக் கடையில் விற்கிறார்கள், வெள்ளையாக இருக்கும். மிளகு, சீரகம், இஞ்சி, பாசிப்பருப்பு, நெய் எல்லாம் வழக்கம்தான். குழைவில் அரிசிப் பொங்கலுக்குக் குறைவே இல்லை. ஆனால் நெய்யைக் கணக்குப் பார்க்காமல் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஆறினதும் கட்டியாகிவிடும். பொங்கி வழிந்தது, ‘பொங்கலோ பொங்கல்’ என்று மெதுவாகச் சொன்னேன். சுவர் மெல்லிசு.

முத்து உதிர்த்த கட்டையைக்கூடத் தூக்கிப் போடாதே. ஃபிரீசரில் இளங்கதிர் இருந்தது, அதை உதிர்த்துச் சுண்டல் செய்துவிட்டு, கட்டைகளை மட்டும் அரைமணி நேரம் தண்ணீரில் கொதிக்கவிட்டேன். வடிகட்டினால் லேசாக இனிக்கும் தண்ணீர், குருமாவுக்கும் சூப்புக்கும் ஊற்றினால் ருசி தூக்கிக்கொடுக்கிறது. கிழவி அந்தத் தண்ணீரில் சர்க்கரை போட்டு ஜெல்லியே செய்கிறாள், தேன் மாதிரி இருக்கிறது. கட்டையை அடுப்பு பற்றவைக்கவும் வைத்துக்கொள்வாள். கதிரில் இருக்கும் நாரைக் காயவைத்துக் கொதிக்கவைத்துக் குடிப்பவர்களும் உண்டாம், நான் குடிக்கவில்லை.

அக்காவுக்கு ஒரு விஷயம். தையல் மெஷின் எண்ணெய் ஜாக்கெட் துணியில் சொட்டிவிட்டது என்று போனில் புலம்பினாயே, இனிமேல் சொட்டினால் உடனே தண்ணீர் படவிடாதே. கடையில் சூப்புக்கு விற்கும் கார்ன்ஃபிளவர் மாவைக் கறை மேல் தாராளமாகத் தூவி, கால்மணி நேரம் விட்டு, பிரஷ்ஷால் தட்டிவிடு. எண்ணெயை மாவு இழுத்துக்கொள்ளும். பழைய கறைக்கு இது உதவாது. அதே மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் காட்டன் புடவைக்குக் கஞ்சியும் ஆகிறது என்று கிழவி சொல்லிக்கொடுத்தாள். கம்பெனித் துணியை வெளுத்துக் கொடுத்தே பேர் வாங்கிய வண்ணாரப்பேட்டைக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்குக் கஞ்சிப் பாடம்! தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன்.

பாப்பாவுக்கு ஒரு பொம்மை அனுப்புகிறேன். சோளக் கதிரின் மேல்தோகையை நனைத்து மடித்து நூலால் கட்டியது, பாவாடை கூட உண்டு. முகம் மட்டும் கிடையாது, அப்படித்தான் விடுவார்களாம், இங்கத்திய பழங்குடியினரிடமிருந்து வந்த வழக்கம். பாப்பா பேனாவை எடுக்காமல் இருந்தால் சரி.

அம்மா, உன் முட்டிக்கு. கிழவி கெட்டித் துணியில் பை தைத்து, காய்ந்த சோளத்தை முக்கால்வாசிக்கு நிரப்பி மூடி வைத்திருக்கிறாள். மைக்ரோவேவில் இரண்டு நிமிஷம், அப்புறம் முட்டியில் வைத்தால் வெகுநேரம் சூடு நிற்கிறது. நீ தவிடு வறுத்து ஒத்தடம் கொடுப்பாயே, அதேதான். நம் வீட்டில் மைக்ரோவேவ் இல்லை, வாணலியில் வறுத்துப் பையில் கொட்டிக்கொள். தீவனக் கடையில் கேள், பாப்கார்ன் சோளம் வேண்டாம், அது பொரிந்துவிடும். எனக்கும் ஒரு பை தைத்துக்கொடுத்தாள். ராத்திரி காலடியில் வைத்துக்கொண்டு படுக்கிறேன். ஹீட்டரை நான் அவ்வளவாகப் போடுவதில்லை, உடம்பு வறண்டுவிடுகிறது.

பையைச் சூடாக்கினால் அறை முழுக்கச் சுட்ட சோள வாசனை வருகிறது. போன வாரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அகஸ்தியா தியேட்டர் வாசலில் வண்டிக்காரர் சக்கரத்தைச் சுற்றிக் கரியை ஊதி, எலுமிச்சைத் துண்டை மிளகாய் உப்பில் தொட்டுக் கதிர் மேல் அழுத்தித் தேய்ப்பார். அப்பா ஒன்றுதான் வாங்குவார், இரண்டாக உடைப்பார். சட்டையில் ஹார்பர் கிரீஸ் வாசனை. இங்கே காலையில் எழுந்தால் ஒரு சத்தம் இல்லை அம்மா. மீன்காரம்மா கூவல் இல்லை, குடம் முட்டுகிற சத்தம் இல்லை, தண்ணி லாரிக்காக ஒருத்தர் மேல் ஒருத்தர் கத்துவது இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு வார்த்தை தமிழ் பேசாமல் போய்விடுகிறது. உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன், கல்லுளிமங்கன் வரி உட்பட.

போகட்டும். வேலை விஷயம் கேட்டிருந்தாய். ஒன்றும் பிரச்சினை இல்லை. இப்போது வாரத்தில் மூன்று நாள் வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள், கோடையில் பழையபடி ஆகிவிடும். காரை விற்றுவிட்டேன். பனியில் ஓட்டுவது ஆபத்து, நடந்தால் உடம்புக்கும் நல்லது.

குட்டிக்குக் காது குத்துவதை எனக்காகத் தள்ளிப் போடாதே. பெரியபாளையத்தில் வேண்டிக்கொண்டது, தள்ளிக்கொண்டே போனால் அம்மனுக்கு என்ன பதில் சொல்வது. மாசியில் நல்ல நாளாகப் பார். ராயபுரம் மாமா மடியில் உட்கார வைக்கலாம், எனக்கும் அவர்தானே தாய்மாமன். அக்கா மாமியார் ஏதாவது சொல்வார், சொல்லட்டும். தாய்மாமன் சீரில் எந்தக் குறையும் வரக்கூடாது. அரைச் சவரன் தோடு, குட்டிக்குப் பட்டு வேட்டி சட்டை, அக்காவுக்குப் புடவை, எல்லாம் எம்.சி. ரோட்டிலேயே எடுத்துவிடு. அக்கா ‘எதுக்குடா இதெல்லாம்’ என்பாள், காதில் போட்டுக்கொள்ளாதே.

பணம் இந்த மாதம் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். சேட்டு கடையில் இருக்கும் சங்கிலியை மீட்க நீ சேர்த்து வைத்திருக்கிறாயே, அதில் இப்போதைக்குத் தோடு வாங்கிவிடு. சங்கிலிக்கு வட்டியை மட்டும் கட்டி ரசீதைப் புதுப்பித்துக்கொள், பழைய ரசீதை அங்கேயே விட்டுவிட்டு வராதே. சீட்டு இந்தத் தடவை எடுக்காதே, தள்ளு அதிகமாகப் போகும், பங்குனியில் பார்க்கலாம்.

வீட்டுக்காரர் லீசைக் கூட்டிக் கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். சித்திரை வரைக்கும் நம் அக்ரிமெண்ட் இருக்கிறது, அதற்கு முன்னால் அவர் வாயால் பேசுவதற்கெல்லாம் தலையாட்டாதே. மெட்ரோ வந்ததும் இந்தப் பக்கம் எல்லோரும் ஏற்றுகிறார்கள், தெரியும். மாமாவைக் கூட வைத்துக்கொண்டு பேசு. கூட்டித்தான் ஆகவேண்டும் என்றால் மூன்று வருஷத்துக்கு எழுதி வாங்கு, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதையும் அவரே சரிசெய்ய வேண்டும் என்று அதில் சேர்க்கச் சொல். பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் பாப்பாவை விட்டுப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, முதல் பக்கம் மட்டும் இல்லை, எல்லாப் பக்கமும். அக்கா வீட்டு மாமாவுக்கு வேலை நிரந்தரம் ஆனதா இல்லையா என்று யாருமே எழுதவில்லை, அதையும் எழுதச் சொல்.

இப்படிக்கு,
உன் மகன்