எத்திராஜுக்கு, மலைப்பாம்பு விஷயமாக

தண்டையார்பேட்டை

அன்புள்ள எத்திராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது. விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கின்றன, வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டு நகர வேண்டியதுதான். ஜூன் 14 தாண்டினால்தான் வழி. மெட்ரோ வந்ததிலிருந்து சென்ட்ரல் போய்வருவது எளிதாகிவிட்டது. நீ வந்தால் காட்டுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பையன் அமெரிக்காவில் ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்புக் குட்டி வாங்கியிருக்கிறான், வீட்டில் தங்கச்சி அழுதுகொண்டே இருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். இத்தனை வருஷம் பாம்புக் கூண்டுகளுக்கு நடுவே வேலை பார்த்தவன் என்பதால் என்னைக் கேட்கிறாய். அவளைப் பயமுறுத்தவும் மாட்டேன், பொய்யாகத் தேற்றவும் மாட்டேன்.

அவன் வாங்கியிருப்பது உலகத்திலேயே நீளமாக வளரும் பாம்பு. எடையில் அனகோண்டாதான் முதல். நீளத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. முட்டையிலிருந்து வரும்போது இரண்டு அடி, இரண்டரை அடிதான் இருக்கும். கையில் சுற்றிக்கொண்டு படம் எடுத்து அனுப்புவான், பார்க்க அழகாகவும் இருக்கும். நன்றாகத் தின்றால் ஓரிரண்டு வருஷத்தில் பத்தடியைத் தொடும். பெண் என்றால் 15 அடி தாண்டுவது சாதாரணம். ஆணா பெண்ணா என்று அவனிடம் முதலில் கேள்.

மூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் உயிர் காலேஜ், அதாவது பழைய மிருகக்காட்சி சாலை, இருந்த காலத்தில் கூண்டு முன்னால் நிற்கிறவர்கள் “முப்பது அடிடா” என்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? பாம்பு நீளத்தைக் கண்ணால் அளக்கவே கூடாது. உரித்த தோலை அளந்தாலும் ஏமாறுவோம். அது இழுத்த இழுப்புக்கு நீளும். உயிரோடு 30 அடிப் பாம்பு கொண்டு வருபவருக்குப் பரிசு என்று நியூயார்க் விலங்கியல் சங்கம் பல வருஷம் அறிவித்து வைத்திருந்தது. ஆயிரம் டாலரில் ஆரம்பித்து 50,000 வரை ஏற்றியும் வாங்க ஒருவரும் வரவில்லை. கின்னஸ் புத்தகத்தில் உள்ள ‘மெடூசா’ என்ற ரெட்டிகுலேட்டட், 2011இல் அளந்தபோது 7.67 மீட்டர். ஏறக்குறைய 25 அடி, 158.8 கிலோ. அதை நீளமாகத் தூக்கிப் பிடிக்க 15 பேர் வேண்டியிருந்தது. உன் பையன் வீட்டில் எத்தனை பேர்?

ஆனால் நீளத்தைவிட நான் பயப்படுவது சாப்பாட்டு வேளைக்கு. இதை அவனிடம் அழுத்திச் சொல். மலைப்பாம்புக்கு நம்மேல் கோபமோ பகையோ கிடையாது. அதன் உதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் இருக்கின்றன. நாக்கால் வாசனையைப் பிடிக்கும். எலியையோ முயலையோ தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கூண்டுக்குள் நீட்டினால், வாசனையும் சூடும் சேர்ந்து அதற்கு அந்தக் கை இரைதான். நான் கண்ணால் பார்த்த பெரிய கடிகள் எல்லாம் இப்படி வந்தவையே. அதனால்தான் நாங்கள் கூண்டைத் திறந்ததும் கொக்கியால் உடம்பில் மெதுவாகத் தொடுவோம். கொக்கி பட்டால் இன்று சாப்பாடு இல்லை, சுத்தம் செய்யத்தான் வந்திருக்கிறார்கள் என்று அது பழகிக்கொள்ளும். தீனி போடும் நாளில் கொக்கி படக்கூடாது. நீள இடுக்கியில் பிடித்துத்தான் நீட்ட வேண்டும்.

உயிரோடு எலியைப் போடவே கூடாது. பாம்புக்குப் பசி இல்லாத நாளில் எலி அதன் உடம்பைக் கடித்துக் குதறிவிடும். கொன்று உறைய வைத்ததை முழுதாக உருக்கி, லேசாகச் சூடாக்கிக் கொடுத்தால் போதும். இரை பாம்பின் உடம்பில் பருத்த இடத்தின் அளவுக்கு இருந்தால் சரி. குட்டிக்கு வாரம் ஒரு முறை. வளர்ந்த பாம்புக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை முயலோ கோழியோ. பெரிதாக்கிக் காட்டும் ஆசையில் சிலர் திணித்துத் திணித்துப் போடுகிறார்கள். எனக்கு இதைவிட ஆத்திரம் வருவது வேறெதிலும் இல்லை. கொழுப்பு சேர்ந்து அந்த உயிர் சீக்கிரம் போய்விடும். கண் பால் படிந்தமாதிரி வெளுத்திருந்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். அப்போது பார்வை மங்கும், தொடாமல் விட வேண்டும்.

தின்ற பிறகும் நாலைந்து நாள் தூக்கக்கூடாது, கக்கிவிடும். உள்ளே நடக்கிற வேலை அப்படி. பர்மிய மலைப்பாம்பை வைத்துப் பார்த்ததில், பெரிய இரை விழுங்கிய இரண்டு நாளில் அதன் இதயமே 40 சதவீதம் பருக்கிறது, செரித்து முடிந்ததும் பழைய அளவுக்குத் திரும்புகிறது. இத்தனையும் சூடு இருந்தால்தான். அவன் ஊர்க் குளிரில் ஹீட்டர் நின்றுவிட்டால் இரை வயிற்றிலேயே அழுகும். மின்சாரம் போனால் என்ன செய்வான் என்று கேள்.

இறுக்குவது பற்றியும் சொல்கிறேன். மூச்சு முட்டித்தான் இரை சாகிறது என்று ரொம்ப நாள் நம்பினார்கள். 2015இல் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில் போவா பாம்பு இறுக்கிய சில நொடியிலேயே ரத்த ஓட்டம் நின்றுபோவது தெரிந்தது. கத்துவதற்கும் போனை எடுப்பதற்கும் நேரம் இருக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். எட்டடி தாண்டிய பாம்பின் கூண்டைத் தனியாகத் திறக்கக்கூடாது, ஐந்தடிக்கு ஒரு ஆள் என்பது எங்கள் கணக்கு. கழுத்தில் மாலையாகப் போடவே கூடாது. ஒருவேளை சுற்றிக்கொண்டால், கூட இருப்பவர் வால் நுனியிலிருந்து பிரித்துக்கொண்டு வர வேண்டும். தலைப்பக்கம் இழுத்தால் இன்னும் இறுக்கும். கடித்திருந்தால் கையைப் பறிக்கக்கூடாது, பற்கள் உள்நோக்கி வளைந்தவை, சதையைக் கிழித்துவிடும்.

இன்னொன்று. ஃபுளோரிடாவின் சதுப்புக் காட்டில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள ரக்கூன், முயல் எல்லாம் அருகிப்போனது உனக்குத் தெரிந்திருக்கும். வீட்டில் வளர்த்தவை தப்பியும், சமாளிக்க முடியாமல் விடப்பட்டும் வந்த வினை. அதைப் பிடிக்க 2017இல் நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் போனார்கள். தடம் பார்த்தே, மற்றவர் கண்ணில் படாததை எல்லாம் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சமல்ல. உன் பையனும் ஒரு நாள் அலுத்துப்போய் அதைக் காட்டில் கொண்டுபோய் விடக்கூடாது. அதைச் சத்தியம் வாங்கிக்கொள்.

என் கருத்தைக் கேட்டால், கூட நிற்க ஆள் இல்லாத வீட்டில் இந்தப் பாம்பு வேண்டாம். நம் ஊர் மலைப்பாம்பை வீட்டில் வைக்க 1972 வனவிலங்குச் சட்டம் விடாது. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, உரிமம் வேண்டுமா என்று அவன் உடனே பார்க்கட்டும். கொடுத்துவிடுவதானால் குட்டியாக இருக்கும்போதே கொடுக்கட்டும். 15 அடி ஆன பிறகு வாங்கிக்கொள்ள இடம் கிடைப்பது கஷ்டம். வைத்துக்கொள்கிறேன் என்றால் கூண்டின் அளவு, பூட்டு, பக்கத்தில் உள்ள பாம்பு பார்க்கும் மருத்துவர், கூட நிற்கப் போகிறவர் யார், இந்த நாலையும் எனக்கு எழுதச் சொல். என் நம்பரைக் கொடு. நம் நேரப்படி காலை ஆறு மணிக்கு அழைத்தால் ஆற அமரப் பேசலாம். திட்ட மாட்டேன் என்று சொல்.

தங்கச்சியை வேளைக்குச் சாப்பிடச் சொல்.

அன்புடன்,
கஜேந்திரன்