சுங்கை சிப்புட் மின்பொருள் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள முதலாளிமார்களுக்கும், கடையில் நின்று பேசி விற்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். தீபாவளி விற்பனை வரப்போகிறது. டிவி விலையில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. எல்லாரும் கைப்பேசியில் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். குளறுபடியெல்லாம் பில் போட்ட பிறகு, "அண்ணே, கேபிள் வேணுமா?" என்று கேட்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் நடக்கிறது.

ஒரு முனையில் படமும் சத்தமும் ஒன்றாகப் போகும் எச்டிஎம்ஐ செருகி, மறுமுனையில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று வால். இந்த வயர் உங்கள் கடைகளில் தாராளமாகத் தொங்குகிறது. எச்டிஎம்ஐயில் போவது டிஜிட்டல்; மூன்று வண்ணச் செருகிகளில் போவது அனலாக். ஒன்றை மற்றொன்றாக மாற்ற நடுவில் மின்சாரம் வாங்கி ஓடும் ஒரு சின்னப் பெட்டி வேண்டும். இந்த வயரில் அப்படி எதுவுமே கிடையாது. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஓர் அக்கா, பழைய ஹோம் தியேட்டர் ஸ்பீக்கரைப் புது டிவியோடு சேர்க்க இதைத்தான் வாங்கி வந்தார். ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. ஸ்பீக்கர்தான் போய்விட்டது என்று பழைய இரும்புக்காரரிடம் போடவும் எடுத்து வைத்துவிட்டார்.

டிவியின் எச்டிஎம்ஐ துளைகள் உள்ளே வாங்குவதற்கு. அவற்றில் "ஏஆர்சி" என்று எழுதிய ஒன்று மட்டும்தான் சத்தத்தை வெளியே அனுப்பும், அதுவும் டிஜிட்டலாக. அந்த அக்காவின் டிவிக்குப் பின்னால், சத்தத்தை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் துளை இருந்தது. ஓர் ஆப்டிகல் வயர், அதைச் சிவப்பு வெள்ளையாக மாற்றும் கையகலப் பெட்டி, அதற்கு மின்சாரம் கொடுக்க டிவியின் யுஎஸ்பி துளை. அப்புறம் டிவியின் ஒலி அமைப்பில் "பிசிஎம்" (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று மாற்ற வேண்டும். அதை விட்டால் பல பெட்டிகள் ஊமையாகவே இருக்கும். எல்லாம் செய்த பிறகு ஸ்பீக்கர் கணீரென்று பாடியது. டிவியில் ஹெட்ஃபோன் துளை இருந்தால் இதுகூடத் தேவையில்லை, சில வெள்ளி (ரிங்கிட்) விலையில் கிடைக்கும் வயரே போதும். விற்பதற்கு முன் "டிவிக்குப் பின்னால் ஒரு படம் எடுத்துட்டு வாங்கக்கா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அடுத்தது "2.0 கேபிள்", "2.1 கேபிள்" என்று சொல்லி விற்பது. அந்த எண்கள் தொழில்நுட்ப விவரக்குறிப்பின் பதிப்புகள். கேபிளில் பதிப்பு எண்ணைப் போட்டு விற்கக் கூடாது என்பது எச்டிஎம்ஐ உரிமம் வழங்கும் அமைப்பின் விதி. கேபிளுக்கு உரியது தரப் பெயர்: ஹை ஸ்பீட் என்றால் நொடிக்கு 10.2 கிகாபிட், பிரீமியம் ஹை ஸ்பீட் 18, அல்ட்ரா ஹை ஸ்பீட் 48. சான்று பெற்ற பிரீமியம், அல்ட்ரா பொட்டலங்களில் கைப்பேசியால் ஸ்கேன் செய்து பார்க்கக்கூடிய ஒட்டி இருக்கும். அது இல்லாமல் "8கே" என்று தங்க நிறத்தில் அச்சடித்திருந்தால் அது வெறும் அட்டை அலங்காரம்.

நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது கட்டணச் சேவையான அஸ்ட்ரோவின் எச்டி டிகோடர், இல்லாவிட்டால் ஏரியலில் இலவசமாக வரும் மைடிவி பெட்டி. இரண்டுக்கும் சாதாரண ஹை ஸ்பீட் கேபிள் தாராளம். 4கே படம் நொடிக்கு 60 பிரேமில் ஓட வேண்டுமென்றால் பிரீமியம். பிஎஸ்5 விளையாட்டுப் பெட்டி வைத்து 120 பிரேமில் விளையாடும் பையன் இருந்தால் அல்ட்ரா. சரி, விலை கூடின கேபிளில் படம் இன்னும் தெளிவாக வருமா? வராது. டிஜிட்டல் சிக்னல் ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டால் இருபது வெள்ளி கேபிளும் இருநூறு வெள்ளி கேபிளும் காட்டுவது ஒரே படம்தான். கேபிள் திணறினால் திரையில் புள்ளி புள்ளியாக மின்னும், இரண்டு நொடி கறுத்துப் போய்த் திரும்பி வரும். தங்க முலாம் பொய்யில்லை. நம் ஊர் ஈரக் காற்றில் முலாம் பூசிய செருகியில் களிம்பு ஏறாது. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

நீளம்தான் நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டியது. டிவிக்குக் கீழேயே டிகோடர் இருக்கும் வீட்டுக்கு ஐந்து மீட்டர் சுருளைத் தள்ளிவிடாதீர்கள்; ஒன்றரை மீட்டரே போதும். கல்யாண மண்டபத்து புரொஜெக்டருக்குப் பதினைந்து மீட்டர் கேட்டு வந்தால் சாதாரணக் கேபிளைக் கொடுக்காதீர்கள். அவ்வளவு தூரத்துக்கு ஃபைபர் ஆப்டிக் வகை வேண்டும். அதில் ஒரு முனை படம் புறப்படும் கருவிக்கு, மறுமுனை திரைக்கு. மாற்றிச் செருகினால் வேலை செய்யாது. கூரையோடு இழுத்துக் கட்டிய பிறகு அது தெரியவந்தால் என்ன ஆகும் என்று வயர் இழுத்தவரைக் கேட்டுப் பாருங்கள்!

கூரை ஏரியல் வயர் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 அக்டோபர் 31-ஆம் தேதியோடு மலேசியா முழுக்க அனலாக் ஒளிபரப்பு நின்றது. பல வீடுகளில் வயர் மட்டும் இன்னும் அந்தக் காலத்தது. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பில் மழைத் தண்ணீர் இறங்கும். அனலாக் காலத்தில் புள்ளி விழுந்தாலும் படம் தெரிந்தது. இப்போது டிஜிட்டலில் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்துவிடும். பெட்டி கெட்டுவிட்டது என்று தூக்கி வருகிறவரிடம் புதுப் பெட்டி விற்காமல், ஆர்ஜி 6 என்ற நல்ல ஏரியல் வயரும் வெளியில் போடத் தகுந்த செருகியும் கொடுத்துப் பாருங்கள்.

கடைசியாக, "பொட்டலம் பிரித்தால் திருப்பி எடுக்க மாட்டோம்" என்ற பலகை. பிரித்துச் செருகிப் பார்க்காமல் ஒரு வயர் சேருமா சேராதா என்று யாருக்குத் தெரியும்? பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் புகார் பதிய ஐந்து வெள்ளிதான். ஆனாலும் முப்பது வெள்ளி வயருக்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு யாரும் அங்கே போகப் போவதில்லை. அது உங்களுக்கும் தெரியும். நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுத்த கேபிள் சேரவில்லையென்றால், ரசீதோடு ஒரு வாரத்துக்குள் வந்தால் மாற்றித் தருவோம் என்று கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டுங்கள். மலாயில் மட்டும் போடாமல் தமிழிலும் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்,
சுங்கை சிப்புட்