சிங்கங்களின் அறைக்கு ஒரு பெயர் வேண்டும்
பிரித்தானிய அருங்காட்சியகத்தின் அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு,

வணக்கம். நான் திருகோணமலையில் பிறந்து லண்டனில் முதுமையடைந்துகொண்டிருப்பவன். தொல்லியல் படித்தவன் அல்லன். உங்கள் அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்பதும் லண்டன் மழைக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்பதும்தான் முதலில் என்னை அங்கே கொண்டுவந்தன. பிறகு, இன்றைய ஈராக்கின் வடபகுதியிலிருந்து ஆண்ட பண்டைய அசீரியரின் சிங்க வேட்டைச் சிற்பங்கள் என்னைப் பிடித்துக்கொண்டன.

அந்தப் பலகைகளில் எல்லோரும் தேடிப் பார்ப்பது அம்புகள் தைத்த பெண்சிங்கத்தை. இடுப்புக்குக் கீழே உயிர் போய்விட்டது. முன்னங்கால்களை ஊன்றித் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு உறுமுகிறது. எனக்கு மனம் போவது வேறோர் இடத்துக்கு. ஓரிடத்தில் சிங்கத்தை அடைத்த மரக்கூண்டு இருக்கிறது. அதன் உச்சியில் இன்னொரு சின்னக் கூண்டு. அதற்குள் பதுங்கியபடி ஒருவன் கதவைத் தூக்கிவிடுகிறான். அரசனின் வீரம் எல்லாம் அவன் கதவைத் தூக்கிய பிறகுதான் தொடங்குகிறது. அவன் யார் என்று கல்லில் எழுதப்படவில்லை.

அரசனின் பெயருக்குக் குறைவே இல்லை. கி.மு. 669 முதல் 631 வரை ஆண்ட அசூர்பனிபால் தன் பெயரில் பெரும் பற்றுள்ளவன். வில்லும் வேலும் ஏந்தி நிற்கும்போதுகூட இடுப்புக் கச்சையில் எழுத்தாணியைச் செருகிக்கொண்டவன். ஊழிப் பெருவெள்ளத்துக்கு முந்தைய கல்வெட்டுகளையே படித்தேன் என்று பெருமையடித்துக்கொண்டவன். தலைநகர் நினிவேயில் அவன் சேர்த்த களிமண் ஏடுகளில் முழுமையும் துண்டுமாக 30,000க்கு மேல் இன்று உங்களிடம் இருக்கின்றன. பல ஏடுகளின் அடியில் ஒரு சாபம் உண்டு. இதை எடுத்துச் செல்பவனையும், என் பெயர் இருக்கும் இடத்தில் தன் பெயரை எழுதிக்கொள்பவனையும் தெய்வங்களான அசூரும் நின்லிலும் சினந்து வீழ்த்தட்டும், அவன் பெயரையும் சந்ததியையும் நாட்டிலிருந்து அழிக்கட்டும் என்பது அதன் கருத்து. நூலகத்தில் புத்தகம் திருடுபவர்களுக்கு இதைவிடக் கடுமையான எச்சரிக்கையை நான் பார்த்ததில்லை. எடுத்துச் சென்றவர்களைப் பற்றி இன்று நான் பேச வரவில்லை. பெயரை மாற்றி எழுதியவர்களைப் பற்றித்தான் இந்த மடல்.

1853 டிசம்பர். மோசுல் நகருக்கு எதிரே, டைகிரிஸ் ஆற்றின் மறுகரையில், பழைய நினிவே புதைந்து கிடந்த கூயுஞ்சிக் மேடு. அதன் வடபகுதியைத் தோண்டும் உரிமையைப் பிரெஞ்சுக்காரருக்கு விட்டுக்கொடுத்திருந்தார் ஆங்கிலேயத் தூதர் ஹென்றி ராலின்சன். உங்கள் அருங்காட்சியகத்துக்காகத் தோண்டிக்கொண்டிருந்த 27 வயது ஹொர்முஸ்த் ரஸ்ஸாமுக்கு அந்த ஏற்பாடு கசந்தது. அவர் மோசுலில் பிறந்தவர். அந்த மேட்டைப் பார்த்தே வளர்ந்தவர். நம்பிக்கையான ஆட்களைத் திரட்டி, பகலில் போகாமல் இரவில் போனார். சில இரவுகளுக்குள் சுவர் தென்பட்டது. சுவரோடு சிங்கங்கள் வந்தன. அதே மண்டபத்தின் நடுவே களிமண் ஏடுகள் குவிந்து கிடந்தன. கி.மு. 612இல் பாபிலோனியரும் மீடியரும் நினிவேயை எரித்தபோது புதைந்தவை அவை. தோல் சுருளாகவோ ஓலையாகவோ இருந்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. களிமண் என்பதால் நெருப்பு பலவற்றைச் சுட்டு இறுக்கிக் காப்பாற்றிவிட்டது.

ரஸ்ஸாம், மேற்காசியாவின் பழைய மொழியான அரமேயத்தின் வழிவந்த கிளைமொழிகள் புழங்கிய கிறித்தவச் சமூகத்தைச் சேர்ந்தவர். 1846இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் லேயர்ட் நிம்ருத் என்ற பழைய அசீரிய நகரைத் தோண்டிக்கொண்டிருந்தபோது, கணக்குப் பார்க்கவும் கூலி கொடுக்கவும் வேலையாட்களைச் சமாளிக்கவும் உடனிருந்தவர். பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். பிற்காலத்தில் பலவாத் என்ற இடத்து அசீரியக் கதவுகளின் வெண்கலப் பட்டைகளும், பாரசீக அரசன் சைரஸின் களிமண் உருளையும் அவருடைய தோண்டல்களில்தான் கிடைத்தன. இடையில் ஆங்கிலேய அரசின் தூதராக எத்தியோப்பியா போய், பேரரசர் தெவோத்ரோசிடம் சிறைப்பட்டு, 1868இல்தான் மீண்டார். இவ்வளவு செய்தவருக்குக் கிடைத்தது என்ன? சிங்கங்கள் இருந்த அந்த வட அரண்மனையைக் கண்டுபிடித்த புகழ் நெடுங்காலம் ராலின்சன் பக்கம் சாய்ந்தே கிடந்தது. பின்னர் உங்கள் ஊழியர் வாலிஸ் பட்ஜ், ரஸ்ஸாமின் உறவினர்கள் தொல்பொருள்கள் வெளியே கசியத் துணைபோனார்கள் என்று பேசித் திரிந்தார். 67 வயதில் ரஸ்ஸாம் நீதிமன்றத்தில் ஏறினார். 1893இல் வழக்கில் வென்றார். இழப்பீடு 50 பவுண்டு. அடுத்த ஆண்டே பட்ஜ் உங்கள் எகிப்திய, அசீரியத் துறைக்குத் தலைவரானார், அந்த நாற்காலியில் 1924 வரை இருந்தார். ரஸ்ஸாம் தன் நினைவுகளை அச்சிட்டது 1897இல், அதுவும் நியூயார்க்கில்.

அவர் குறையற்றவர் என்று நான் வாதாடவில்லை. சுவரை ஒட்டிச் சுரங்கம் போல் குடைந்தார். ஒரே நேரத்தில் பல மேடுகளைத் திறந்துவைத்து, மேற்பார்வையை ஆட்களிடம் விட்டுவிட்டுப் போனார். எது எந்த அடுக்கில் கிடந்தது என்ற குறிப்புகள் போதவில்லை என்று இன்றைய ஆய்வாளர்கள் அவரைத் திட்டுவதில் நியாயம் உண்டு. ஆனால் அதே காலத்தில் அதே போல் தோண்டிய ஆங்கிலேயருக்கு 'முன்னோடி' என்ற பட்டமும், மோசுல்காரருக்குச் சந்தேகமும் கிடைத்ததை எந்த அடுக்கில் வைத்துப் பார்ப்பது?

என் ஊர்க் கதை ஒன்றையும் சொல்லிக்கொள்கிறேன். நிம்ருதில் கிடைத்த கரிய சுண்ணாம்புக்கல் தூபி, அசீரிய அரசன் மூன்றாம் ஷல்மனேசருக்குத் திறை கொண்டுவந்தவர்களைக் காட்டுகிறதே, அது பாஸ்ராவிலிருந்து பம்பாய்க்கும், அங்கிருந்து 1848இல் ஜம்னா என்ற கப்பலில் இங்கிலாந்துக்கும் புறப்பட்டது. வழியில் புயல். பாய்மரங்கள் போய்விட்டன. கப்பல் ஒதுங்கியது திருகோணமலைத் துறைமுகத்தில். தூபியில் செதுக்கிய யானையும் குரங்குகளும் எங்கள் கரையில் சில காலம் இளைப்பாறின என்று நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தார்களா தெரியாது. கோணேசர் மலை உச்சியிலிருந்து அந்த உடைந்த கப்பலைப் பார்த்தவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள்.

அசீரியர் என்றாலே கொடுங்கோலர் என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். அதற்கு அவர்களே பொறுப்பு. தங்கள் கொடுமையைத் தாங்களே கல்லில் விளம்பரப்படுத்தியவர்கள். அடுத்த அறையில் அசீரிய அரசன் சென்னகெரிப்பின் படை கி.மு. 701இல் யூதா நாட்டின் லாகீஸ் நகரைப் பிடிக்கும் காட்சி: கழுவேற்றிய உடல்கள், மாட்டுவண்டியில் மூட்டை முடிச்சோடு பெயர்த்துச் செல்லப்படும் குடும்பங்கள். அசூர்பனிபால் தோட்டத்தில் மஞ்சத்தில் சாய்ந்து அரசியோடு மது அருந்தும் பலகையில், சற்றுத் தள்ளி ஒரு மரக்கிளையில் அண்டை நாடான எலாமின் அரசன் தெயும்மானின் தலை தொங்குகிறது. இசைக் கலைஞர்கள் வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆனால் அசீரியரின் வேறு பலகைகளில், வெட்டிய தலைகளை எண்ணும் இடத்தில், இரண்டு எழுத்தர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒருவர் கையில் பலகையும் எழுத்தாணியும். ஆப்பெழுத்தில் அசீரியரின் அக்காடிய மொழி. மற்றவர் கையில் சுருளும் தூரிகையும், அரமேயம். வென்றவர்களின் அலுவலகத்தில் தோற்றவர்களின் மொழி மெல்ல நுழைந்து, கடைசியில் வென்றவர்களின் மொழியையே விழுங்கிவிட்டது. இன்னும் 1,200 ஆண்டுகள் பின்னால் போனால் படையெடுப்பே இல்லை, வணிகம்தான் இருக்கிறது. அசூர் நகரத்து வணிகர்கள் கழுதைகளில் வெள்ளீயமும் துணியும் ஏற்றி அனத்தோலியாவின், அதாவது இன்றைய துருக்கியின், கனேஷ் நகர் வரை போனார்கள். வீட்டில் நெசவு செய்த மனைவியரின் கடிதங்கள் அங்கே கிடைத்திருக்கின்றன. லமாசி என்பவள் தன் கணவன் புசுக்கேனுக்கு எழுதுகிறாள்: நீ போன பிறகு சலிமகூம் இரண்டு வீடு கட்டிவிட்டான், நாம் எப்போது கட்டுவது? உலகத்தை ஆள வந்த இனத்தின் முதல் குரல்களில் ஒன்று அடுத்த வீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடும் குரல். எனக்கு அசீரியர்மேல் நம்பிக்கை வந்தது அங்கேதான்.

ரஸ்ஸாம் தன் மக்களைப் பழைய அசீரியரின் வழித்தோன்றல்கள் என்றே எழுதினார். ஆய்வாளர்கள் அதைப் பற்றி வாதாடிக்கொள்ளட்டும். தங்களை அசீரியர் என்று அழைத்துக்கொள்ளும் மக்கள் இன்றும் அரமேயத்தின் கிளைமொழிகளைப் பேசுகிறார்கள், ஏப்ரல் 1ஆம் தேதி புத்தாண்டு கொண்டாடுகிறார்கள். 1915இல் உதுமானியர் ஆட்சியில் படுகொலை. 1933இல் ஈராக்கின் சிமேலில் படுகொலை. 2014 ஆகஸ்டில் ஐ.எஸ். அமைப்பினர் நெருங்கியபோது, நினிவே சமவெளியின் கரகோஷ் நகர் ஒரே இரவில் காலியானது. அடுத்த ஆண்டு நினிவேயின் நெர்கால் வாயிலில் நின்ற சிறகுள்ள காளையின் முகத்தை அவர்கள் இயந்திரத்தால் செதுக்கி எடுத்தார்கள். நிம்ருதின் அரண்மனையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். சிகாகோவிலோ சிட்னியிலோ சுவீடனின் சோடர்டாலியேயிலோ பிறந்த பேரக்குழந்தைக்கு 'நம்முடையது' என்று காட்ட, பல குடும்பங்களுக்கு உங்கள் கூடங்கள்தான் எட்டும் தொலைவில் இருக்கின்றன.

எல்லாவற்றையும் திருப்பிக் கொடுங்கள் என்று நான் இங்கே கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் ஈராக்கியர்கள். கேட்டால், 1963ஆம் ஆண்டுச் சட்டம் கையைக் கட்டுகிறது என்று நீங்கள் சொல்வீர்கள். பெயர் சூட்டுவதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது. பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் உங்கள் வாசல்களில் இருக்கின்றன. தேவைப்பட்டால் பெயரை எடுக்கவும் உங்களால் முடியும். 2022இல் நன்கொடையாளர்களான சாக்லர் குடும்பத்தின் பெயரை எடுத்தீர்கள்.

ஆகவே சிங்க வேட்டை அறைக்கு ஹொர்முஸ்த் ரஸ்ஸாம் அறை என்று பெயர் வையுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் போதாது. அவர் ஊரின் அரபியிலும் அவர் சமூகத்தின் சுரியானி எழுத்திலும் எழுதுங்கள். கீழே இரண்டு வரி போதும்: மோசுலில் பிறந்தவர், 1853 டிசம்பரில் இரவுகளில் இதைக் கண்டெடுத்தவர். அவரோடு மண்வெட்டியும் கூடையும் பிடித்தவர்களுக்கும் ஒரு வரி கொடுங்கள். பெயர்கள் கிடைக்காவிட்டால், மோசுல் சுற்றுப்புறத்து அரபிகளும் கிறித்தவர்களும் என்றாவது எழுதுங்கள்.

கூண்டின் கதவைத் தூக்குபவன் இருக்கும் பலகைக்குப் பக்கத்தில் வைத்தால் நன்றாக இருக்கும். நான் அளந்து பார்க்கவில்லை. ஆனால் பல ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே நின்றிருக்கிறேன், இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து வந்த ஒரு பார்வையாளர்