குழாயும் கிணறும் பொதுவில் அமையட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிமெண்ட் ஆலைகளின் கரியமில வாயு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சூரிய மின்சாரத்துக்கு மாறினால் போதும் என்பது போல அது முடிந்திருந்தது. அரியலூர்க்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். சிமெண்ட் ஆலை விடும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது கல்லிலிருந்தே கிளம்புகிறது. எங்கள் பக்கத்துச் சுரங்கங்களில் சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த இடம். அந்த உயிர்கள் தங்கள் ஓட்டில் பூட்டி வைத்ததைத்தான் நாம் திறந்துவிடுகிறோம். எந்த மின்சாரத்துக்கு மாறினாலும் இந்த வாயு வரத்தான் செய்யும். அதைப் பிடித்துத்தான் ஆக வேண்டும்.

பிடிக்கும் வித்தை நமக்குப் புதிதல்ல. தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலை 2016 முதல் தன் நிலக்கரி பாய்லர் புகையிலிருந்து வாயுவைப் பிரித்து, அதிலேயே சோடா உப்பு தயாரித்தது. ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் அமைப்பு அது. சரி, சிமெண்ட் ஆலைகள் விடும் லட்சக்கணக்கான டன்னுக்குச் சோடா உப்பு போதுமா? மிச்சத்தைப் பூமிக்கடியில்தான் வைக்க வேண்டும். வாயுவைக் கொண்டுபோகும் குழாயும் கப்பலும், பூமிக்கடியில் செலுத்தும் கிணறும் ஓர் ஆலையால் தனியாகக் கட்ட முடிகிறவை அல்ல.

நார்வேயில் இதற்காகவே ஈக்வினார், ஷெல், டோட்டல் எனர்ஜிஸ் ஆகிய மூன்று போட்டி எண்ணெய் நிறுவனங்கள் சேர்ந்து 'நார்தர்ன் லைட்ஸ்' என்ற கூட்டு நிறுவனத்தை நடத்துகின்றன. பிரெவிக் சிமெண்ட் ஆலை பிடிக்கும் வாயு திரவமாகி, கப்பலேறி, கடலடித் தரைக்கு 2,600 மீட்டர் கீழே போகிறது. 2025 ஆகஸ்டில் முதல் முறையாக உள்ளே செலுத்தினார்கள். செலவில் பெரும் பங்கு அந்நாட்டு அரசுடையது.

இங்கும் 2025 மே மாதம் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை சிமெண்ட் ஆலை வாயுவைப் பிடித்துப் பயன்படுத்திப் பார்க்க ஐந்து சோதனைத் தளங்களை அறிவித்தது. சென்னை ஐஐடி அல்ட்ராடெக்குடனும், மும்பை ஐஐடி டால்மியாவுடனும் இணைந்திருக்கின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு தளத்தில் கற்றது அடுத்த ஆலைக்குப் போய்ச் சேராவிட்டால் ஐந்து பேரும் ஒரே தவறைத் தனித்தனியாகச் செய்வார்கள். முடிவுகளை எல்லா ஆலைகளுக்கும் திறந்து வைக்க வேண்டும் என்று அரசு நிபந்தனை போட வேண்டும்.

அப்புறம், குழாய் பதிக்கும் முன் ஊர் மக்களிடம் பேச வேண்டும். 2020இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சடார்ஷியா என்ற சிற்றூர் அருகே இப்படிப்பட்ட குழாய் வெடித்து 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். காற்றைவிடக் கனமான வாயு, தாழ்வான இடத்தில் தேங்கிவிடும். எங்கள் ஊர்களைச் சுற்றிக் கைவிட்ட சுரங்கப் பள்ளங்கள் நிறைய இருக்கின்றன. குழாயின் தடத்தை வரையும்போதே அவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அரியலூர்